கொள்ளைநோய்க் காலத்திலே மெய்ச்செய்தி



கொள்ளைநோய் ஒன்று நாட்டிலே புகுந்துவிட்டால் இரண்டு பொருள்கள் ஊரூராகச் சுற்றத் தொடங்குகின்றன. ஒன்று நோய்க்கிருமி, மற்றொன்று அந்நோயைப் பற்றிய பேச்சு. கிருமி மூச்சுக்காற்றோடு செல்கிறது; பேச்சு அதனிலும் விரைவாகச் செல்கிறது. கிருமியிலிருந்து உடலைக் காத்துக்கொள்ளும் வழிகளைப் பலரும் பலகால் எடுத்துரைத்திருக்கிறார்கள். பொய்ப்பேச்சிலிருந்து அறிவைக் காத்துக்கொள்ளும் வழியைக் கூறுவோர் சிலரே. இவ்விரு காவல்களும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை. வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழும் மக்களுக்கு அண்மைக்கால அனுபவம் இதனை எவ்வாறு உணர்த்திற்று என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

"நோய்தான் அடங்கிவிட்டதே, இப்பொழுது எதற்கு இந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்கக்கூடும். கொவிட் நோய் பற்றிய சர்வதேச அவசரநிலை முடிவுற்றதென உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி அறிவித்தது உண்மையே. ஆயினும், குளத்தை நம்பிக் கமம் செய்யும் வன்னி மக்கள் ஒன்றை நன்கு அறிவார்கள். குளக்கட்டைச் சுற்றிப் பார்ப்பதும், கட்டிலே விழுந்த துளைகளை அடைப்பதும், துருசைச் செப்பனிடுவதும் கோடையிலே செய்யவேண்டிய வேலைகள். மாரிமழை கொட்டி, இரணைமடுவும் முத்தையன்கட்டும் வான் பாயும் வேளையில் மண்வெட்டி தேடிப் பயனில்லை. அடுத்த கொள்ளைநோய் எப்பொழுது வரும், எந்தப் பெயரோடு வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே, அமைதியான இக்காலமே அதைப் பற்றிப் பேசுவதற்கு ஏற்ற காலம்.

முதலிலே சற்றுப் பழைய வரலாற்றை நோக்குவோம். 1918ஆம் ஆண்டிலே உலகமெங்கும் இன்புளுவென்சா என்னும் காய்ச்சல் பரவியது. அது கோடிக்கணக்கான மக்களைப் பலிகொண்டது. இலங்கையும் அதற்குத் தப்பவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1914இல், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற்போக்குவரத்துத் தொடங்கி, இருபுறத்துப் புகையிரதப் பாதைகளும் அதனோடு இணைந்திருந்தன. பயணம் எளிதாயிற்று, நோய்க்கும் பயணம் எளிதாயிற்று. அக்காய்ச்சலால் இலங்கையில் மாண்டவர் எத்தனைபேர் என்பதிலே ஆராய்ச்சியாளர் உடன்படவில்லை. ஏறக்குறைய ஐம்பதினாயிரம் என்பாரும் உளர். மூன்று இலட்சம் என்பாரும் உளர். கணக்கிலே இத்துணை வேறுபாடு இருப்பதே அக்காலத்துச் செய்தியறிவின் குறையைக் காட்டுகிறது. மனிதருக்கு அக்காய்ச்சலைத் தரும் வைரசு கண்டறியப்பட்டது 1933இலே. கொழும்பில் வானொலி ஒலிக்கத் தொடங்கியது 1925இலே. ஆகவே, 1918இல் நோயின் முதலும் மக்களுக்குத் தெரியாது. தெரிந்த சிறிதைச் சொல்லி எச்சரிக்கவும் விரைவான வழியில்லை.

நூறு ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழாக மாறியது. புதிய கொரோனா வைரசின் அமைப்பு, நோய் கண்டறியப்பட்ட சில கிழமைகளுக்குள்ளேயே உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஓர் ஆண்டு நிறைவதற்குள் தடுப்பூசியும் வந்தது. அதேவேளையில் பொய்யும் பெருகிற்று. முன்பு செய்தி இன்மையால் இடர்ப்பட்ட மக்கள், இப்பொழுது செய்தி மிகுதியால் இடர்ப்பட்டனர். வெள்ளம் சூழ்ந்த ஊரிலே குடிநீர் தேடுவது போன்ற நிலை அது.

அந்த வைரசைப் பற்றி அறிய வேண்டுவன மிகச் சிலவே. ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் கூறிட்டால், அதிலே ஒரு கூறளவே அதன் பருமன். தானாக அது வளராது. உயிருள்ள கலத்தினுள் புகுந்தே பெருகும். நோயாளி இருமும்போதும், தும்மும்போதும், உரக்கப் பேசும்போதும், பாடும்போதும் வெளிப்படும் நுண்ணிய நீர்த்திவலைகளோடு அது வெளிவருகிறது. பெரிய திவலைகள் அருகிலே விழுந்துவிடும். மிகச் சிறியவை, காற்றோட்டமில்லாத அறையிலே, அடுப்படிப் புகை நிற்பதுபோல நெடுநேரம் நிற்கும். கதவையும் சன்னலையும் திறந்துவிட்டால் புகை வெளியேறுவதுபோல் அவையும் வெளியேறும். முகக்கவசம் அணிவதன் பயனும், கூட்டத்தை விலக்குவதன் பயனும், திண்ணையிலே காற்றாட இருந்து பேசுவதன் பயனும் இவ்வொரு செய்தியிலேயே அடங்கிவிடுகின்றன. வைரசின் புறத்தோல் கொழுப்பினால் ஆனது. ஆகவேதான் சவர்க்காரம் இட்டு இருபது வினாடி கை கழுவினால் அத்தோல் சிதைந்து வைரசு அழிகிறது.

இன்னுமொரு செய்தி முக்கியமானது. நோய் தொற்றியவருக்குக் காய்ச்சலும் இருமலும் தோன்றுவதற்கு இரண்டு நாள் முதல் பதினான்கு நாள் வரை செல்லும். அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே அவர் பிறருக்கு நோயைக் கொடுக்கவல்லவர். ஒருவர் இருவருக்குக் கொடுத்தால், அவ்விருவர் நால்வருக்குக் கொடுப்பர். இவ்வாறு பத்துப்படி ஏறினால் தொகை ஆயிரத்தைக் கடந்துவிடும். நலமாக இருப்பவரும் வீட்டிலே தங்கவேண்டுமென ஏன் கட்டளையிட்டார்கள் என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

இனி வன்னிக்கு வருவோம். இலங்கையிலே முதலாவது நோயாளி 2020ஆம் ஆண்டு சனவரி 27ஆம் திகதி அறியப்பட்டார். அவர் சீன நாட்டிலிருந்து வந்த சுற்றுலாப்பயணி. மார்ச் மாதத்தின் நடுப்பகுதியிலே பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. வவுனியா பம்பைமடுவிலும், முல்லைத்தீவு கேப்பாப்புலவிலும், கிளிநொச்சி இரணைமடுவிலும் படையினரின் பொறுப்பில் தனிமைப்படுத்தல் நிலையங்கள் அமைக்கப்பட்டன. வெளிநாடுகளிலிருந்தும் தென்னிலங்கையிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே தங்கவைக்கப்பட்டனர்.

வைத்திய நூலின்படி இம்முறை நேரானதே. ஆனால், ஊரடங்கு, முகாம், சோதனைச்சாவடி, பெயர்ப்பதிவு என்னும் சொற்கள் வன்னி மக்களின் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டிலே, போர் முடிந்த வேளையில், ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளத்து முகாம்களிலும் பிறவிடங்களிலும் அடைபட்டிருந்தனர். நெருக்கமான அக்கூடாரங்களிலே கொப்புளிப்பானும் செங்கமாரியும் பரவின. இவையும் வைரசினால் வருவனவே. முகாம் என்றால் நோயிலிருந்து காக்கும் இடம் என்று அவர்கள் எவ்வாறு நினைப்பர்? நோய் பரவும் இடம் என்பதன்றோ அவர்கள் கண்டறிந்தது? ஆகவே, அதிகாரி ஒருவர் "இது உங்கள் நன்மைக்கே" என்று கூறும்போது, கேட்பவர் சற்றுத் தயங்கினால் அதை அறியாமை என்று இகழ்தல் ஆகாது. நம்பிக்கை என்பது கட்டளையால் வருவதன்று; பழகிப்பழகி வளர்வது.

அவ்வாறு நம்பிக்கை வளர்ந்ததற்கும் இதே மண்ணிலே சான்று உண்டு. இளம்பிள்ளைவாதம் எனப்படும் போலியோவும் ஒரு வைரசு நோயே. அதை ஒழிக்க, 1995ஆம் ஆண்டு முதலாக, நாடு முழுவதிலும் குறித்த நாள்களிலே குழந்தைகளுக்குச் சொட்டுமருந்து கொடுக்கப்பட்டது. போர் மூண்டிருந்த ஆண்டுகள் அவை. ஆயினும், அந்த நாள்களிலே இருதரப்பினரும் ஆயுதங்களை ஓயவைக்க உடன்பட்டனர். தாய்மார் குழந்தைகளைச் சுமந்து வந்து சொட்டுமருந்து கொடுப்பித்தனர். இலங்கையிலே கடைசியாகப் போலியோ நோய் காணப்பட்டது 1993இலே. அதன்பின் இன்றுவரை இல்லை. மருந்தைக் கொண்டுவந்தவர் ஊரறிந்த சுகாதாரப் பணியாளர். சொன்ன செய்தி எளியது. அதன் பயன் கண்முன்னே தெரிந்தது. இம்மூன்றும் கூடியபோது, போருக்கு நடுவிலும் மக்கள் நம்பினர்.

இதற்கு மாறாக, பொய்ப்பேச்சு விளைத்த கேட்டுக்கு மூன்று சான்றுகள் கூறலாம்.

முதலாவது மீன் பற்றியது. 2020ஆம் ஆண்டு ஒக்டோபரிலே கொழும்புக்கு அண்மையிலுள்ள பேலியகொடை மத்திய மீன்சந்தையில் நோய் பரவியது, சந்தை மூடப்பட்டது. அங்கே மனிதரிடமிருந்தே மனிதருக்கு நோய் தொற்றியது. ஆனால், "மீன் தின்றால் கொரோனா வரும்" என்னும் பேச்சு நாடெங்கும் பரந்தது. மீனை வாங்குவார் இலராயினர். முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டும் அளவுக்கு அவ்வச்சம் வளர்ந்திருந்தது. கொக்கிளாய் முதல் சுண்டிக்குளம் வரை கரையோரத்தில் வாழும் குடும்பங்களுக்குக் கடலே வயல். பிடித்த மீனை விற்க வழியில்லாதவன் படகுக்கு எண்ணெய் அடிப்பது எவ்வாறு? சமைத்த மீனினால் இந்நோய் வந்ததற்குச் சான்றே இல்லை. ஒரு சொல் பிறழ்ந்ததால், நோயே தொடாத வீடுகளிலும் அடுப்பு அணைந்தது.

இரண்டாவது பாணி பற்றியது. அவ்வாண்டு டிசம்பரிலே, கேகாலையைச் சேர்ந்த ஒருவர், தேனும் சாதிக்காயும் கலந்த பாணியொன்று இந்நோயைப் போக்கும் என்றார். அதை வாங்க ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். கூட்டம் கூடாதே என்று சொல்லப்பட்ட காலத்திலே, மருந்து வாங்கவென்று கூட்டம் கூடியது. அமைச்சர்களும் அப்பாணியை அருந்தினர். அருந்திய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் நோய் தொற்றியது. நமது சித்த வைத்தியத்துக்கோ ஆயுர்வேதத்துக்கோ இதனால் இழுக்கில்லை. கொத்தமல்லிக் குடிநீரும் வேதுபிடித்தலும் தடிமன்காரருக்கு இதம் தருவனவே. இதம் தருவது வேறு. நோயை ஒழிப்பது வேறு. சொன்னவர் யாராயினும் சொன்ன பொருளின் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்னும் கருத்தை வள்ளுவர் அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் வைத்திருப்பது நாம் அறிந்ததே. அமைச்சர் அருந்தினார் என்பது சான்றாகாது. நோயுற்றோர் பலருக்குக் கொடுத்து, கொடுக்காதவரோடு ஒப்பிட்டுப் பார்த்த முடிவே சான்றாகும்.

மூன்றாவது சான்று மிகவும் வருத்தத்துக்குரியது. இந்நோயால் இறந்தவர்களின் உடலைப் புதைத்தால் நிலத்தடி நீரிலே கிருமி கலக்கும் என்று சொல்லப்பட்டு, 2020 ஏப்பிரலிலே எல்லா உடல்களையும் எரித்தே ஆகவேண்டுமென விதிக்கப்பட்டது. புதைப்பதால் கேடில்லை என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகக் கூறியிருந்தது. ஆயினும், முஸ்லிம் மக்களும் கிறித்தவ மக்களும் தம் உறவினரைத் தம் சமய முறைப்படி அடக்கம் செய்ய முடியாமற் கலங்கினர். 2021 பெப்ரவரி இறுதியில் விதி தளர்ந்தபோது, அடக்கம் செய்யும் இடமாக முதலில் அறிவிக்கப்பட்டது கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவு. 1992இலே அத்தீவை விட்டு வெளியேற்றப்பட்டு, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இரணைமாதா நகரிலே காத்திருந்து, 2018இலே தம் மண்ணை மிதித்த மீனவ மக்களின் தீவு அது. அவர்களைக் கேளாமலே முடிவு செய்யப்பட்டது. அவர்கள் எதிர்த்தனர், முஸ்லிம் தலைவர் பலரும் அத்திட்டத்தைக் குறைகூறினர். இறுதியில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியிலே அடக்கம் நடைபெற்றது. கட்டாயத் தகனத்துக்காக 2024 சூலையிலே அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவுசெய்தது.

நேயர்களே, இம்மூன்றாவது சான்று நமக்குக் கற்பிப்பது யாது? பொய்ச்செய்தி தெருமுனையிலே மட்டும் பிறப்பதில்லை. அரச முத்திரையோடும் வரக்கூடும். அவ்வாறு வரும்போது அதன் கேடு பன்மடங்காகிறது. ஏனெனில், பின்னர் அதே வாயிலிருந்து மெய் வந்தாலும் மக்கள் நம்பத் தயங்குவார்கள். துயருற்ற இரு சமூகங்களை ஒன்றுக்கு எதிராக ஒன்று நிறுத்தும் தீமையும் அதனால் நேரவிருந்தது. கைகழுவுங்கள் என்று சொல்லும் உரிமை, மெய்யைச் சொல்பவருக்கே நிலைக்கும்.

"அறிஞர்களும் சொல்லை மாற்றினார்களே, தொடக்கத்தில் முகக்கவசம் எல்லாருக்கும் வேண்டாமென்றார்கள், பின்பு வேண்டுமென்றார்கள்" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களும் முகக்கவசம் அணிதல் நன்று என்று 2020 சூன் மாதத்திலேயே அறிவுறுத்தியது. பொருள்களைத் தொடுவதால் நோய் வரும் என்ற அச்சம் முதலிலே மிகுந்திருந்தது. பின்னர், காற்றினாலேயே பெரிதும் பரவுகிறது என்பது தெளிவாயிற்று. அறிவு வளரும்போது அறிவுரை மாறுதல் இயல்பு. ஏன் மாற்றினோம் என்று காரணம் கூறி மாற்றுபவரை நம்பலாம். காரணமே கூறாது, நேற்றுச் சொன்னதை இன்று மறைப்பவரிடத்திலேதான் ஐயம் கொள்ளவேண்டும்.

இனி, வரும் செய்தியைச் சோதிக்கும் முறையைப் பார்ப்போம். இதற்கு நம் தமிழ்மொழியே ஒரு கருவியைத் தந்திருக்கிறது. கண்ணாற் கண்டதை "வந்தது" என்கிறோம். பிறர் சொல்லக் கேட்டதை "வந்ததாம்" என்கிறோம். அந்த "ஆம்" என்னும் சிற்றசையிலே எத்துணை நேர்மை அடங்கியிருக்கிறது பாருங்கள்! "நான் காணவில்லை, கேட்டேன்" என்பதை அது ஒளிக்காமல் உரைக்கிறது. வதந்தி வளரும் வழி யாதெனில், வாய்மாறி வாய்மாறிச் செல்லும்போது இந்த "ஆம்" உதிர்ந்துபோவதே. காலையிலே சந்தையில் "வைத்தியசாலையை மூடப்போகிறார்களாம்" என்று தொடங்கிய பேச்சு, மாலையிலே "மூடிவிட்டார்கள்" என்று வீடு வந்து சேரும். ஆகவே, ஒரு செய்தியைக் கேட்டவுடன், உதிர்ந்துபோன "ஆம்" என்பதை மீண்டும் ஒட்டிப் பாருங்கள். பின்பு நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

சொன்னவர் யார், அவர் அதை எவ்வாறு அறிந்தார்? பெயரில்லாத குரற்பதிவு கைத்தொலைபேசியிலே வந்து, "பெரிய வைத்தியர் ஒருவர் சொன்னார்" என்றால், அவ்வைத்தியருக்குப் பெயர் உண்டா என்று கேளுங்கள். இரண்டாவதாக, எப்பொழுது சொன்னது? சென்ற ஆண்டுச் செய்தி இன்று புதிதாக உலாவருவதுண்டு. மூன்றாவதாக, அது என்ன செய்யச் சொல்கிறது. செய்தால் எவருக்கு வருவாய்? நான்காவதாக, வேறு எவர் அதை உறுதிசெய்கிறார்? உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர், கிராம அலுவலர் ஆகியோரிலே ஒருவரைக் கேட்டறிவதற்கு நெடுநேரம் செல்லாது. விடை கிடைக்கும்வரை அச்செய்தியைப் பிறருக்கு அனுப்பாதிருங்கள். அனுப்பாதிருத்தலும் ஒரு முகக்கவசமே.

நாள்தோறும் எத்தனை முறை செய்தி கேட்பது என்பதற்கும் அளவு வேண்டும். காலையிலும் மாலையிலும் நம்பத்தக்க செய்தியறிக்கையைக் கேட்டால் போதும். இரவு முழுவதும் மரணக்கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதால் உறக்கம் கெடுமேயன்றி நோய் குறையாது. போரிலே உற்றாரை இழந்த வீடுகளிலே அத்தகைய செய்திகள் பழைய புண்ணைக் கிளறும் என்பதையும் மறத்தலாகாது.

வீட்டிலே செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். காய்ச்சலோ இருமலோ உள்ளவர் வேலைக்கும், கோயிலுக்கும், கலியாண வீட்டுக்கும், செத்தவீட்டுக்கும் போகாதிருத்தல் வேண்டும். தனியறை இல்லாத சிறு வீட்டிலே, காற்றோட்டமுள்ள ஒரு பக்கத்தை அவருக்கு ஒதுக்கி, அவரும் பராமரிப்பவரும் முகக்கவசம் அணிதல் நன்று. முதியோரும், நீரிழிவு, இருதயநோய், சிறுநீரகநோய் உள்ளோரும் அவரை அணுகாதிருக்க வேண்டும். வைரசு நோய்க்கு அன்டிபயோட்டிக் மருந்து வேலை செய்யாது. கடையிலே தானாக வாங்கி விழுங்குவதால் பிற்காலத்தில் கேடே விளையும். மூச்சு வாங்குதல், நெஞ்சை அழுத்தும் நோவு, உதடு நீலித்தல், பேச்சுத் தடுமாறுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்கலாகாது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் நோயாளர் ஊர்தி வரும். வவுனியாவிலும், கிளிநொச்சியிலும், முல்லைத்தீவு மாஞ்சோலையிலும் மாவட்ட வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஆனால், காட்டோரக் கிராமங்களிலிருந்து அவை தூரம். ஆகவே, பொழுது சாய்வதற்கு முன்னரே முடிவெடுத்தல் நன்று.

வன்னியிலே இன்னுமொரு கவனம் வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் வரும் காய்ச்சலெல்லாம் அந்நோயே என்று கொள்ளலாகாது. டெங்குக் காய்ச்சலும் உண்டு. வயலிலே இறங்கி வேலை செய்வோருக்கு எலிக்காய்ச்சலும் உண்டு. டெங்கு என ஐயமுள்ளபோது அஸ்பிரின் முதலிய நோவு மாத்திரைகள் குருதிப்பெருக்கை உண்டாக்கும். பரசிற்றமோல் ஒன்றே, அதுவும் அளவோடு, கொள்ளத்தக்கது. 2024 டிசம்பரிலே யாழ்ப்பாணத்தில் இனந்தெரியாத காய்ச்சலால் சிலர் இறந்தபோது பலவாறான பேச்சுகள் எழுந்தன. குருதியைச் சோதித்தபோது அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. அது வைரசு நோயன்று. காலத்தோடு மருந்து கொடுத்தால் மாறத்தக்கது. இனந்தெரியாதது என்று அஞ்சி வீட்டிலிருப்பவருக்கு அந்த மருந்து எவ்வாறு கிடைக்கும்?

நோயாளியைப் பழித்தல் மற்றொரு பெருங்கேடு. 2021 மே மாதத்திலே புதுக்குடியிருப்பிலுள்ள ஆடைத் தொழிற்சாலையொன்றின் பணியாளரிடையே நோய் பரவி, அப்பகுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன. அங்கே வேலை செய்வோரிலே பெரும்பாலார் இளம்பெண்கள். அவர்களுடைய சம்பளத்தை நம்பி வீடுகள் இருக்கின்றன. அவர்கள் நோயைத் தேடிப்போகவில்லை, பிழைப்பைத் தேடிப்போனவர்கள். இத்தகையோரின் படலையைக் காட்டி "அந்த வீட்டுக்குத்தான் கொரோனா" என்று விரல் நீட்டினால், அடுத்த வீட்டார் தம் காய்ச்சலை மறைப்பார்கள். மறைத்த காய்ச்சல் ஊரையே சுற்றும். அவ்வீட்டுக்கு அரிசியும் மரக்கறியும் கொண்டுபோய்ப் படலையிலே வைத்துவிட்டு, எட்டநின்று நலம் விசாரிப்பவரே ஊரைக் காப்பவர்.

தடுப்பூசியைப் பற்றி ஒரு சொல். இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய ஐந்து இலட்சம் ஊசிகளோடு 2021 சனவரி இறுதியிலே இலங்கையில் இப்பணி தொடங்கியது. முதலிலே சுகாதாரப் பணியாளருக்கும், பின்னர் மற்றையோருக்கும் போடப்பட்டது. ஊசி போட்டால் பிள்ளைப்பேறு இல்லாமற் போகும் என்ற பேச்சும் கூடவே வந்தது. அதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. ஊசி போட்டவருக்கும் நோய் வரலாம். ஆனால் உயிரைக் குடிக்கும் அளவுக்கு முற்றுவது மிகவும் குறைந்தது. இலங்கையிலே இந்நோயால் இறந்தோராகப் பதிவானவர் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவருட் பெருந்தொகையினர் 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே, பலருக்கு ஊசி முற்றாகக் கிடைப்பதற்கு முன்னர் மாண்டவர்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இதுவரை கேட்போரின் கடமையைக் கூறினோம். சொல்வோரின் கடமையும் சிறிதன்று. அறிவித்தல் மக்கள் பேசும் மொழியிலே வரவேண்டும், நேரத்தோடு வரவேண்டும். தெரிந்ததைத் தெரிந்ததென்றும், தெரியாததைத் தெரியாததென்றும் கூறவேண்டும். வீட்டிலிரு என்று சொல்பவர், நாட்கூலிக்குப் போகாதவனின் அடுப்பு எவ்வாறு எரியும் என்பதற்கும் விடை சொல்லவேண்டும். ஒரு கிராமத்திலே நிலையமோ இடுகாடோ அமைப்பதாயின், அந்தக் கிராமத்தாரை முன்கூட்டியே கூட்டிக் கலந்துபேச வேண்டும். வானொலியும் பத்திரிகையும், விரைவாகச் சொல்வதிலும் சரியாகச் சொல்வதே மேல் என்று கொள்ளவேண்டும்.

குளக்கட்டு உடையும் அபாயம் வந்தால், "என் வயல் மேட்டிலே இருக்கிறது" என்று வன்னியிலே எவரும் வீட்டில் இருப்பதில்லை. யார் கண்டது, எவ்விடத்திலே கசிவு, எத்தனை மண்மூடை வேண்டும் என்று சரியாகக் கேட்டறிந்து ஊரே திரண்டு போகிறது. தவறான இடத்தைச் சொன்னால் மூடையும் வீண், கட்டும் போகும். கொள்ளைநோயிலும் அப்படியே. கசிவு எங்கே என்று மெய்யாகச் சொல்பவரும், சொன்னதைச் சோதித்துக் கேட்பவரும், கேட்டபடி செய்பவரும் ஒருங்கே வேண்டும். கோடை நிலவும் இந்நாளிலே நம் ஊரிலே அவர்கள் யார் யார் என்பதை இனங்கண்டு வைப்போம்.